தடி எந்தக் கையில்?

அப்பாவுக்குக் கைத்தடி வாங்கிக் கொடுத்தது நான். அதை வலது கையில் பிடிக்கச் சொன்னதும் நான். வலது இடுப்புதான் வலிக்கிறது, அப்படியானால் தடியும் வலது பக்கம்தானே இருக்க வேண்டும்? சாய்கிற சுவருக்குச் சாய்கிற பக்கம்தானே முட்டுக் கொடுப்போம்? இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். இரண்டு மாதம் அவர் அப்படியே நடந்தார். வலி குறையவில்லை. ‘தடியை நல்லா ஊன்றி நடங்கப்பா, அலங்காரத்துக்கா வாங்கிக் குடுத்திருக்கேன்’ என்று நான் வேறு அவ்வப்போது சத்தம் போட்டேன். உடம்பை வலது பக்கமாகச் சாய்த்துச் சாய்த்து நடந்தார். அதற்கும் ஒரு சத்தம்: ‘நேரா நடங்கப்பா.’

நான் படித்தது மெக்கானிக்கல் இன்ஜினியரிங் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உத்தரத்தில் எங்கே பளு, எங்கே தாங்கல், எந்தப் பக்கம் எவ்வளவு விசை என்று பக்கம் பக்கமாகப் படம் போட்டு மார்க் வாங்கியவன். அப்புறம் ஊரோடு ஒத்து சாஃப்ட்வேருக்குப் போய்விட்டேன். அப்பா பத்தாவது தாண்டாதவர். விருதுநகரில் ஒரு வத்தல் மண்டியில் 31 வருடம் எடை போட்டவர். மிளகாய் வத்தல், மல்லி, பாசிப்பயறு என்று வந்து இறங்குகிற ஒவ்வொரு மூட்டையும் அவர் கண்ணெதிரே தராசில் ஏறித்தான் உள்ளே போகும். முள் ஆடி நிற்பதற்குள் எடை சொல்கிறவனை அவர் மனிதனாகவே மதிக்க மாட்டார்.

போன ஆடியில் அவரை மதுரையில் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். எக்ஸ்ரேயில் வலது இடுப்பு மூட்டில் இருக்க வேண்டிய இடைவெளி பாதிக்கு மேல் காணோம். தேய்மானம். ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம், பிசியோதெரபி பாருங்கள் என்று டாக்டர் அடுத்த அறைக்கு அனுப்பினார். அங்கே இருபத்தைந்து வயதுகூட இருக்காத ஒரு பெண். வாசலிலிருந்து நாற்காலிவரை அப்பா நடந்து வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எழுந்து வந்தார். அப்பாவின் வலது கையிலிருந்த தடியை வாங்கி இடது கையில் கொடுத்தார். ‘இப்ப நடங்கய்யா. வலது காலை எடுத்து வைக்கும்போதே தடியையும் சேர்த்து வைங்க.’

‘மேடம், வலி வலது பக்கம்’ என்றேன்.

‘அதனாலதான் சார்’ என்றார், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அப்பா நடந்தார். முதல் நாலைந்து அடி தடுமாற்றம். இடது கை பழக்கமில்லாத கை. அப்புறம் ஜன்னல்வரை போய்த் திரும்பினார். முகத்தில் எப்போதும் கடித்துப் பிடித்திருக்கிற அந்தத் தாடை தளர்ந்திருந்தது. ‘பரவால்லையே’ என்றார். அவர் வாயிலிருந்து இந்தச் சொல் சாமானியமாக வராது. ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் அவர் தூங்கிவிட்டார். எனக்குத்தான் அந்த ‘அதனாலதான் சார்’ திருமங்கலம் தாண்டியும் காதில் ஓடிக்கொண்டிருந்தது. வலி குறைந்தது சந்தோஷம்தான். ஆனால் ஏன் குறைந்தது? பழைய பாடத்தைத் திறந்து பார்க்காமல் மனசு ஆறவில்லை.

கடப்பாரை கற்றுக்கொடுக்காதது

நெம்புகோல் என்றதும் எனக்கு ஞாபகம் வருவது கடப்பாரை. ஒருவன் தன் எடையைப் போலப் பத்து மடங்கு கல்லைப் புரட்டுகிறான். அப்புறம் பாக்குவெட்டி, எலுமிச்சை பிழிகிற கட்டை, கிணற்று ஏற்றம். கொஞ்சம் விசை கொடுத்து நிறைய வேலை வாங்குவதுதான் நெம்புகோல் என்று பள்ளிக்கூடத்தில் மண்டையில் ஏற்றிவிட்டார்கள். மூன்றாம் வகை என்று ஒரு மூலையில் முழங்கையை மடக்கிய ஒரு கைப் படமும் இருந்தது. முழங்கை ஆதாரப் புள்ளி, உள்ளங்கையில் பளு, நடுவில் இழுக்கிற தசை. படத்தைப் போட்டு, பாகம் குறித்து, மார்க் வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். அது எவ்வளவு நஷ்டத்தில் ஓடுகிற நெம்புகோல் என்று நான் ஒருநாளும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

இப்போது போட்டேன். கையில் 5 கிலோ அரிசிப் பை, முழங்கை செங்குத்தாக மடங்கியிருக்கிறது. முழங்கையிலிருந்து உள்ளங்கைவரை சுமார் 35 செ.மீ. தூக்குகிற இருதலைத் தசையின் நாண் எலும்பில் பிடித்திருப்பதோ முழங்கையிலிருந்து வெறும் 4 செ.மீ. தள்ளி. பளுவுக்கு நீளக் கை, தசைக்குக் குட்டைக் கை. 5 கிலோவை 35 செ.மீ. தூரத்தில் நிறுத்தி வைக்கத் தசை ஏறக்குறைய 44 கிலோ விசையோடு இழுக்க வேண்டும். முன்கையின் சொந்த எடையையும் சேர்த்தால் 50 கிலோவை எட்டும். ஐந்து கிலோ அரிசிக்கு ஒரு சிமெண்ட் மூட்டையின் இழுப்பு! மண்டிக் கணக்கில் இதற்குப் பெயர் பத்து ரூபாய் கொடுத்து ஒரு ரூபாய்ச் சரக்கு எடுப்பது.

இதை முதலில் ஒழுங்காகக் கணக்குப் போட்டவர் இத்தாலிக்காரர் பொரெல்லி. நேப்பிள்ஸில் 1608-இல் பிறந்து 1679-இல் ரோமில் இறந்தார். விலங்குகளின் அசைவைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் அவர் இறந்த பிறகுதான், 1680-81-இல் அச்சானது. அதுவரை பெரியவர்கள் எல்லோரும் நம்பியது வேறு: தசைகள் சிறிய விசையால் பெரிய பளுவை அசைக்கின்றன, இயற்கை சிக்கனக்காரி, கடப்பாரை வைத்திருக்கிறாள். பொரெல்லி எலும்பையும் நாணையும் அளந்து பார்த்துவிட்டு, நேர் எதிர் என்றார். தூக்குகிற பளுவைப் போலப் பல மடங்கு விசையைத் தசை கொடுத்தாக வேண்டும், ஏனென்றால் உடம்பின் நெம்புகோல்களில் பெரும்பாலானவை தசைக்குப் பாதகமாகத்தான் இருக்கின்றன. மனிதனைப் பலகையில் படுக்கவைத்து, பலகையை ஒரு விளிம்பின் மேல் நிறுத்திச் சமன் பார்த்து, உடம்பின் எடை மையம் எங்கே இருக்கிறது என்று தேடியவரும் அவர்தான். அப்பாவிடம் சொன்னபோது இந்த இடம் அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ‘ஆளையே தராசுல படுக்கப் போட்டுட்டானா’ என்றார்.

நஷ்டத்துக்கு ஒரு கைம்மாறு உண்டு. தசை 1 செ.மீ. சுருங்கினால் உள்ளங்கை 8, 9 செ.மீ. நகர்ந்துவிடும். அதே நேரத்தில், அத்தனை மடங்கு வேகத்தில். எல்லைக்கோட்டிலிருந்து பந்தைக் கீப்பர் கைக்கு எறிகிறவன், கொசுவை அடிக்கிறவன், கொதிக்கிற பாத்திரத்தைத் தொட்டதும் கையை இழுத்துக்கொள்கிறவள், எல்லோரும் இந்த நஷ்ட வியாபாரத்தில்தான் பிழைக்கிறார்கள். நம் உடம்பு கல் புரட்டுவதற்காக வடிவமைந்தது கிடையாது. ஓடவும் எறியவும் எட்டிப் பிடிக்கவும் அமைந்தது. விலையைக் கட்டுவது தசையும், அந்தத் தசையின் இழுப்பையெல்லாம் வாங்கிக்கொள்கிற மூட்டும். மூட்டுத்தான் விஷயம். மூட்டில் விழுவது நாம் தூக்குகிற எடை மட்டும் என்று நான் நினைத்திருந்தேன். தசை இழுக்கிற விசையும் சேர்ந்து அதே மூட்டைத்தான் அழுத்துகிறது.

ஒவ்வொரு அடியிலும் ஒரு தராசு

இடுப்புக்கு வருவோம். அப்பா ஒற்றைக் காலில் எப்போது நிற்கிறார்? ஒவ்வொரு அடிக்கும்தான். இடது காலை எடுத்து முன்னால் வைக்கிற அந்த அரை நொடி, முழு உடம்பும் வலது காலில். அப்பாவின் எடை 60 கிலோ. ஒரு கால் என்பது உடம்பில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு, அதாவது 10 கிலோ. ஆக, ஊன்றிய வலது காலைக் கழித்துவிட்டால் மீதி 50 கிலோ, வலது இடுப்புப் பந்தின் மேல், அதாவது தொடையெலும்பின் உருண்டைத் தலையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் நேர் மேலே உட்காரவில்லை. உடம்பின் நடுக்கோடு அந்தப் பந்திலிருந்து இடது பக்கமாக ஏறத்தாழ 10 செ.மீ. தள்ளி இருக்கிறது. விட்டால் இடுப்பு இடது பக்கம் சரிந்து விழும். விழாமல் பிடிப்பது வலது இடுப்பின் வெளிப்பக்கத்தில் இருக்கிற தசைகள். குளூட்டியஸ் மீடியஸ் என்று பெயர். அவை இழுக்கிற கோடு பந்திலிருந்து வெளியே 5 செ.மீ.தான்.

ஒரு பக்கம் 50 கிலோ, 10 செ.மீ. தள்ளி. மறுபக்கம் தசை, 5 செ.மீ. தள்ளி. சமன் ஆக வேண்டுமென்றால் தசை 100 கிலோ இழுக்க வேண்டும். பந்தின் மேல் விழுவது இரண்டும் சேர்ந்து, 150 கிலோ. அறுபது கிலோ மனிதர், கையில் எதுவும் இல்லாமல், கொல்லைக்குப் போய்வந்தால் ஒவ்வொரு அடிக்கும் ஒரு எலும்புப் பந்தின் மேல் ஒன்றரை குவின்டால். தசை சாய்வாக இழுக்கிறது, நடக்கும்போது உடம்பு ஆடுகிறது, இதையெல்லாம் நான் விட்டுவிட்டேன். ஆனாலும் கணக்கு ரொம்பத் தப்பவில்லை. பெர்லினில் சிலருக்குச் செயற்கை இடுப்பு மூட்டு வைக்கும்போதே அதற்குள் அளவுமானியையும் வைத்து அனுப்பினார்கள். அந்த அளவீடுகளை 2001-இல் வெளியிட்டார்கள். மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் நடந்தபோது மூட்டில் விழுந்தது சராசரியாக உடல் எடையில் 238 சதவீதம். அப்பாவுக்கு அது 143 கிலோ.

சரி, தடியில் அப்பா எவ்வளவு ஊன்றுகிறார்? அதை அளக்காமல் கணக்குப் போட எனக்குக் கை வரவில்லை. வீட்டில் எடை பார்க்கிற மெஷின் ஒன்று இருக்கிறது, அம்மாவின் சர்க்கரைக்காக வாங்கியது. அதைத் தரையில் வைத்து, அதே உயரத்துக்கு ஒரு பழைய டைரியைப் போட்டு அதன் மேல் அவரை நிற்கவைத்து, தடியை மட்டும் மெஷின் மேல் ஊன்றச் சொன்னேன். எப்போதும் ஊன்றுகிற மாதிரி. 4.2 காட்டியது, 5.6-க்குப் போனது, இறங்கியது. நான் குனிந்து எழுதப்போனேன். ‘இருடா, நம்பர் நிக்கட்டும்’ என்றார். நின்றது: 5.1. ‘இப்ப எழுது.’

ஐந்து கிலோ என்று வைத்துக்கொண்டேன். சிவகாசிக் காலண்டரில் கிழித்த தேதித் தாள்களை அம்மா கட்டி வைத்திருப்பார். அதில் ஒன்றை எடுத்துப் பின்பக்கம் படம் போட்டேன். தடி இடது கையில் இருந்தால், வலது இடுப்புப் பந்திலிருந்து அது ஏறக்குறைய 40 செ.மீ. தள்ளி இருக்கும். தரை தடியை 5 கிலோ விசையோடு மேலே தள்ளுகிறது. 5 பெருக்கல் 40, 200. உடம்பு இடது பக்கம் சரியப் பார்க்கிற திருப்புத்திறன், அதாவது எடை பெருக்கல் தூரம், 50 பெருக்கல் 10, 500. அதில் 200-ஐத் தடியே தாங்கிவிட்டது. மீதி 300-க்குத் தசை 60 கிலோ இழுத்தால் போதும். தடி தாங்குகிற 5 கிலோவும் கழிந்து, பந்தில் விழுவது 105. ஐந்து கிலோ ஊன்றியதற்கு 45 கிலோ கழிவு!

அதே தடி வலது கையில் இருந்தால்? பந்திலிருந்து வலப்பக்கம் 20 செ.மீ. தள்ளி, தரை மேலே தள்ளுகிறது. உடம்பு ஏற்கெனவே இடது பக்கம் சரியப் பார்க்கிறது. வலது பக்கம் மேலே தூக்கிவிட்டால் இன்னும்தான் சரியும். 500 இப்போது 600. தசை 120, பந்தில் 165. நான் வாங்கிக் கொடுத்த தடி, வெறும் கையோடு நடப்பதைவிட மோசம். சாய்கிற சுவர் வலது பக்கம் என்று நினைத்தேனே, சுவர் சாய்ந்ததே இடது பக்கம்.

இதைக் காலண்டர் தாளில் பார்த்தபோது எனக்குக் காது சூடாகிவிட்டது. நான் ‘நல்லா ஊன்றுங்க’ என்று சத்தம் போடப் போட, அவர் நல்லா ஊன்ற ஊன்ற, பளு ஏறியிருக்கிறது. அவரைக் காப்பாற்றியது அந்தச் சாய்ந்த நடைதான். உடம்பை வலது பக்கம் சாய்த்தால் 50 கிலோவின் மையம் பந்துக்குப் பக்கத்தில் வரும். பத்து செ.மீ. ஐந்தானால் தசையின் வேலை பாதி. யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவர் உடம்பே இந்தக் கணக்கைப் போட்டு, முதுகையும் முழங்காலையும் கொஞ்சம் வருத்திக்கொண்டு, இடுப்பைக் காத்து வந்திருக்கிறது. அதைத்தான் நான் ‘நேரா நடங்கப்பா’ என்று திருத்தியிருக்கிறேன்.

காய்கறிப் பை

தாளை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

‘முள்ளு எங்கடா?’

இடுப்புப் பந்தில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினேன்.

‘அந்தப் பக்கம் பத்து, இந்தப் பக்கம் அஞ்சு. அப்ப இது தராசு இல்ல. வெள்ளிக்கோல்.’

நான் இரண்டு நாளாகச் சுற்றிச் சுற்றி வந்த இடத்தை அவர் ஒரு சொல்லில் முடித்துவிட்டார். வெள்ளிக்கோல் பார்க்காதவர்களுக்காக: அது ஒற்றைத் தண்டு. தூக்குக் கயிறு தண்டின் ஒரு ஓரத்துக்குப் பக்கத்தில் இருக்கும். கயிற்றுக்கு இந்தப் பக்கம் குட்டைக் கை, அதில் கொக்கியில் சரக்கு. அந்தப் பக்கம் நீளக் கை, அதில் நகர்த்துகிற ஒரு சின்னக் குண்டு. கையடக்கக் குண்டு ஒரு பெரிய புளி மூட்டையை நிறுத்தும். கிராமத்துக்குப் போய்ப் புளியும் பருத்தியும் வாங்குகிற வியாபாரிகள் தோளில் போட்டுக்கொண்டு போவார்களாம். அப்பாவின் மண்டியில் பெரிய சமத்தராசுதான். ஆனால் வெள்ளிக்கோலில் நிறுத்து வந்த மூட்டையை மறுபடி நிறுப்பது அவர் வேலை. எந்த வியாபாரி எவ்வளவு அடித்தான் என்பது அங்கேதான் வெளியே வரும். ‘கயித்த ஒரு விரக்கடை தள்ளிக் கட்டியிருப்பான்’ என்பார். நீளக் கையில் ஒரு விரற்கடை போனால் யாருக்கும் தெரியாது. குட்டைக் கையில் ஒரு விரற்கடை போனால் மூட்டைக்கு அஞ்சு கிலோ போச்சு.

தாளைத் திருப்பிக் கொடுக்கப்போனவர் நிறுத்தினார்.

‘அப்ப பை?’

‘எந்தப் பை?’

‘காய்கறிப் பை. தடி வலது கைல இருந்துச்சுல்ல. பைய இடது கைலதானடா தூக்கிட்டு வந்தேன் இத்தனை நாளா.’

எனக்குத் தோன்றவே இல்லை. ஞாயிறு சந்தையிலிருந்து அவர் கொண்டுவருகிற பை 5 கிலோவுக்குக் குறையாது. இடது கையில் பை, பந்திலிருந்து 40 செ.மீ. தள்ளி, கீழ்நோக்கி. உடம்பு சரியப் பார்க்கிற அதே பக்கம். மறுபடி உட்கார்ந்து கூட்டினேன். உடம்பு 500, தப்பான கையில் தடி 100, தப்பான கையில் பை 200. மொத்தம் 800. தசை 160 கிலோ இழுக்க வேண்டும். பையின் 5 கிலோ ஏறி, தடி தாங்குகிற 5 கிலோ கழிந்து, பந்தின் மேல் 210.

இப்போது இரண்டையும் கை மாற்றினால்: தடி இடது கையில், 200 கழிவு. பை வலது கையில், பந்துக்கு வலப்பக்கம் 20 செ.மீ. தள்ளித் தொங்குகிறது, சரிகிற உடம்பை மறுபக்கம் இழுக்கிறது, 100 கழிவு. மிஞ்சியது 200. தசைக்கு 40. பந்தில் 90.

இருநூற்றுப் பத்து, தொண்ணூறு. அதே அப்பா, அதே தடி, அதே கத்தரிக்காய். தாளை மூன்று முறை சரிபார்த்தேன். வலிக்கிற பக்கத்துக் கையில் பையைத் தூக்கினால் வலி கூடும் என்றுதான் யாரும் சொல்வார்கள், நானும் சொல்லியிருப்பேன். ஆனால் அந்தப் பை தராசின் தூக்கிய பக்கத்தில் போட்ட படிக்கல் மாதிரி வேலை செய்கிறது. அப்பா இதற்கு ஆச்சரியப்படவே இல்லை. ‘முள்ளு எங்க இருக்குன்னு தெரிஞ்சா அப்புறம் என்னடா’ என்று தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பிறகு தேடிப் பார்த்ததில், அப்பா சொன்ன அதே உவமையை ஜெர்மனியில் ஆகன் நகரத்து எலும்பு மருத்துவர் பவுவெல்ஸ் 1935-லேயே படமாகப் போட்டிருக்கிறார்: இடுப்பு மூட்டு ஒரு கை நீளமான, ஒரு கை குட்டையான தராசு. 1956-இல் வால்ட்டர் பிளவுன்ட் என்ற அமெரிக்க மருத்துவர், கைத்தடியை அவமானமாக நினைத்து ஒதுக்காதீர்கள் என்று அதற்காகவே ஒரு கட்டுரை எழுதினார். இவ்வளவு காலமாகத் தெரிந்த விஷயம் எங்கள் தெருவுக்கு மட்டும் வரவில்லை. ஒரு வாரம் வெளியே போகும்போதெல்லாம் தடி ஊன்றி வருகிறவர்களையே பார்த்தேன். பாதிப்பேர் வலிக்கிற பக்கமே பிடித்திருந்தார்கள். டிவி சீரியல் பெரியவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஒரு விரற்கடை

இந்தக் கண்ணாடியை ஒருமுறை மாட்டிவிட்டால் கழற்ற முடியவில்லை. மண்டியில் லோடுமேன்கள் மூட்டையை எப்படி எடுப்பார்கள் என்பது இப்போதுதான் புரிகிறது. ஒருவர் குனிந்து முதுகைக் கொடுப்பார். இரண்டு பேர் பிடித்துப் பிடரியில் ஏற்றுவார்கள். ஏறிய பிறகு ஐம்பது கிலோவோடு ஓட்டமும் நடையுமாகப் போவார். தரையிலிருந்து தானே அள்ளித் தூக்குவதைத்தான் தவிர்ப்பார்கள். முதுகெலும்புக்கும் அதே குட்டைக் கைதான்: குனிந்து தூக்கும்போது பளு முன்னால் தொலைவில், இழுத்துப் பிடிக்கிற தசை முதுகெலும்பை ஒட்டிச் சில செ.மீ. தூரத்தில். 1999-இல் ஜெர்மனியின் உல்ம் நகரத்தில் ஒருவரின் கீழ்முதுகில், இரண்டு முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கிற வட்டுக்குள் அளவுமானியைச் செருகி அளந்தார்கள். சும்மா நிற்கும்போது அழுத்தம் 0.5 மெகாபாஸ்கல். முதுகை வளைத்து 20 கிலோ தூக்கியபோது 2.3. முழங்காலை மடக்கித் தூக்கியபோது 1.7. அதே இருபது கிலோவை உடம்போடு அணைத்துப் பிடித்து நின்றபோது 1.1. எடை மாறவில்லை, தூரம்தான் மாறியது.

அம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வருவதும் அப்படித்தான். கையில் தொங்கவிட்டால் நடுக்கோட்டிலிருந்து தள்ளிப் போகும். இடுப்பில் இடுக்கி, கையால் கழுத்தை வளைத்து, உடம்பை மறுபக்கம் ஒரு சாய்வு சாய்த்து, அந்தக் கையையும் கொஞ்சம் விரித்து வைத்துக்கொண்டால் குடம் உடம்புக்குள் வந்துவிடுகிறது. கவிஞர்கள் அந்தச் சாய்வை அழகு என்று எழுதிவைத்தார்கள். தண்ணீருக்கு நாலு தெரு நடந்தவர்களைக் கேட்டால் வேறு பெயர் சொல்வார்கள்.

விரற்கடைக் கதைக்கு இன்னொரு முடிச்சு உண்டு. செயற்கை இடுப்பு மூட்டை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி. 1962-இல் ரைட்டிங்டன் மருத்துவமனையில் உலோகப் பந்தையும் பிளாஸ்டிக் கிண்ணத்தையும் சேர்த்து வைத்தவர். தேயாத பொருளைத் தேடியதோடு அவர் நிற்கவில்லை. கிண்ணத்தை இன்னும் உள்ளே தள்ளிப் பதித்தார்; தசை பிடித்திருக்கிற எலும்பு முனையை வெட்டி, கொஞ்சம் வெளியே தள்ளி ஒட்டினார். எடையின் நீளக் கையைக் குறைத்து, தசையின் குட்டைக் கையை நீட்டுவதற்காக. அப்பாவின் கணக்கில் போட்டுப் பார்த்தேன். 10 செ.மீ. 9 ஆகி, 5 செ.மீ. 6 ஆனால், தசையின் இழுப்பு 100 கிலோவிலிருந்து 75-க்கு வந்துவிடுகிறது. ‘வெள்ளிக்கோல் வியாபாரி செய்ற வேலையேதான், ஆனா நல்லதுக்கு’ என்றார் அப்பா. டாக்டர் பேரைக் கேட்டு இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

எல்லாம் சரி, முதல் ஞாயிறே சந்தையில் சிக்கல் வந்தது. இடது கையில் தடி, வலது கையில் பை. தக்காளிக்காரம்மாவுக்குக் காசு கொடுக்க வேண்டும். வலது கை ஒழியவில்லை. இடது கையால் காசு கொடுப்பதா? எழுபத்தொரு வயதில் அந்தப் பழக்கத்தை அப்பா ஆரம்பிக்க மாட்டார். ஒவ்வொரு கடையிலும் பையைக் கீழே வைத்து, காசு கொடுத்து, குனிந்து எடுத்து, மறுபடி வைத்து, அவர் வீடு வந்து சேர்ந்தபோது இடுப்பு பழையபடி பிடித்துக்கொண்டது. பையைப் பழைய கைக்கே மாற்றிவிட்டு வந்திருக்கிறார். என் காலண்டர் தாளில் காசு கொடுக்கிற கைக்கு இடமே விடவில்லை.

அம்மா ஒன்றும் பேசவில்லை. ஜவுளிக்கடை மஞ்சள் பை ஒன்றை எடுத்து, பழைய பெல்ட் துணியை நீளமாக வைத்துத் தைத்துக் கொடுத்தார். இப்போது அது வலது தோளில் தொங்குகிறது. தோளிலிருந்து தொங்கினால் இருபது செ.மீ. வருமா, குறையுமா என்று நான் டேப்பை எடுத்தேன். அப்பா நிற்கவில்லை, கிளம்பிவிட்டார். போன வாரம் நானும் கூடப் போனேன். தக்காளிக்காரம்மாவிடம் எலக்ட்ரானிக் தராசு. தக்காளியைக் கொட்டியதும் ‘ஒண்ணேகால் கிலோ, அம்பது ரூவா’ என்றார். அப்பா இடது கையால் தடியை ஊன்றி, வலது கையில் ஐம்பது ரூபாய் நோட்டோடு, சிவப்பு எண்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

‘நம்பர் நிக்கட்டும்மா’ என்றார்.